மணித்தியால இலக்கும் மனிதரும்

தொழிலாளியின் மனநலம் பற்றி முதலாளிமார் இன்று கவலைகொள்ளத் தொடங்கிவிட்டனர். "நாமெல்லோரும் ஒரே குடும்பம்" என்கின்றனர். சிறந்த ஊழியருக்குப் பரிசு, ஆண்டுக்கொரு கலைவிழா, உளவள ஆலோசனை எல்லாம் உண்டு. இலங்கை ஆடை ஏற்றுமதியாளர்கள் 2006 இல் 'குற்றமற்ற ஆடைகள்' என்றே உலகுக்கு விளம்பரஞ் செய்தனர். இந்த அக்கறை மெய்யோ பொய்யோ என்றறிய விளம்பரத்தைப் பார்த்துப் பயனில்லை; சம்பளச் சீட்டைப் பார்த்தல் வேண்டும்.

அச்சீட்டில் வரவுக் கொடுப்பனவு என்றொன்று உண்டு. அடிப்படைச் சம்பளம் வாழப் போதாமையால் இதனை நம்பியே அடுப்பு எரிகிறது. காய்ச்சலென்று ஒருநாள் படுத்தால் அது குறையும். சில இடங்களில் முழுவதுமே போய்விடும். சட்டம் ஒரு கையால் தந்த விடுமுறையை முகாமைத்துவம் மறு கையால் பறித்துக்கொள்கிறது. நோயோடு இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவளுக்கு உளவள ஆலோசனை எதற்கு?

அடுத்தது இலக்கு. ஒரு வரிசையிலுள்ள பெண்கள் மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி முடிக்கவேண்டும். ஒருத்தி எழுந்து சென்றால் வரிசை முழுவதும் பின்தங்கும்; மேற்பார்வையாளரின் ஏச்சோடு தோழியரின் முகச்சுளிப்பையும் அவள் தாங்கவேண்டும். இதற்கஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உளர். 1911 இல் தமது முகாமைத்துவ நூலை வெளியிட்ட அமெரிக்கரான பிரெடரிக் டெயிலர், சிந்திக்கும் உரிமையை முகாமையாளருக்கும் செய்யும் கடமையைத் தொழிலாளிக்குமெனப் பிரித்துவைத்தார். தொழிலாளிக்குத் தொழிலாளியையே காவல் வைப்பது அவ்வழியில் வந்த புதிய நுட்பம்.

"போர் முடிந்த 2009 இன் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இவ்வாலைகள் வந்திராவிடில் எங்கள் பெண்களின் கதி என்ன?" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. வருமானம் வந்தது உண்மை. ஆனால், அது உழைப்புக்கு வந்த கூலியேயன்றித் தருமமன்று. கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவள் வேறு வழியின்றித் தலையசைப்பதை மனநிறைவு என்று கணக்கெழுதுவது எந்த நேர்மை?

மன உறுதி முகாமையாளர் வழங்கும் பரிசுப்பொருளன்று. தன் வேலையைப் பற்றிப் பேசத் தனக்குக் குரலுண்டு என்ற நம்பிக்கையில் அது பிறக்கிறது. அக்குரலே தொழிற்சங்கம். 1999 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, தொழிலாளரில் 40 சதவீதத்தினர் சேர்ந்தால்தான் சங்கத்தோடு பேச முதலாளி கடமைப்பட்டவர். கண்காணிப்பின் நடுவே அத்தொகையைத் திரட்டுவது எளிதோ? சங்கத்துக்குப் பதிலாக ஊழியர் சபைகளைக் காட்டுவதும் வலயங்களின் வழக்கம். ஆயினும் குரல் அடங்கிவிடவில்லை. தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்கத் தொழிலாளர் 2011 மே மாதத்தில் எழுந்தனர். பொலிசாரின் சூட்டுக்கு ரொஷான் சானக என்ற இளந்தொழிலாளி பலியானார். சட்டமூலம் கைவிடப்பட்டது.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! முகாமைத்துவத்தை நாம் முகாமையாளரின் நாற்காலியிலிருந்தே கற்பிக்கிறோம், கற்கிறோம். நம் வகுப்பறையை விட்டுச் செல்லும் பிள்ளைகளுட் பலருக்குக் கிடைக்கப்போவது அந்த நாற்காலியன்று. தையல் இயந்திரத்தின் முன்னுள்ள இருக்கையே. சம்பளச் சீட்டை வாசிக்கவும், சட்டத்தை அறியவும், சங்கமாய்ச் சேரவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்காத கல்வி யாருக்கான கல்வி?