சத்தம் கூடினால் பவர் கூடுமா? இலை ஊதும் மெசின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள். பாதி வாசித்துவிட்டு ஏச வேண்டாம்.

ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வாரமாக ஒரு கதை ஓடுகிறது. பாடசாலை வளவுக்கும் மையவாடிக்கும் முதுகில் மாட்டி இலை ஊதும் மெசின் ஒன்று வாங்கிக் கொடுக்கப் போகிறார்களாம். நல்ல விடயம். வெளிநாட்டில் உழைக்கும் நம்மவர்கள் காசு போடுகிறார்கள், பழைய மாணவர்கள் பட்டியல் போடுகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்குப் பரக்கத் செய்யட்டும்.

எங்கள் சண்டை மெசினோடு இல்லை. அந்தக் குழுவில் வந்த ஒரு குரல் பதிவோடுதான் சண்டை. “வாங்குறதுண்டா பெரிசா வாங்குங்க. சத்தத்துலயே தெரியணும் அதுல பவர் இரிக்கி எண்டு.” அதற்குக் கீழே முப்பது பேர் கைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள். அந்த முப்பது பேரில் எங்களிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் ஆசிரியர்களாகிய நாங்கள் பேச வேண்டியிருக்கிறது. சத்தத்துக்கும் சக்திக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை போலும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறோம். போன தவணையில் ஒரு சகோதரர் தன் வயலுக்கு மருந்தடிக்கும் மெசினைப் பார்வைக்காகக் கொண்டு வந்தார். மருந்துத் தாங்கியைக் கழற்றிவிட்டால் அதுவும் காற்று ஊதும் மெசின்தான். திங்கட்கிழமை, இரண்டாம் பாடவேளை. வாகை மரத்தடியில் ஸ்டார்ட் பண்ணினார். எங்கள் ஆரம்பப் பிரிவுக் கட்டடத்துக்கு அரைச்சுவரும் கம்பி வலையும்தான். மூடுவதற்கு ஜன்னல் கிடையாது. தரம் 2 பிள்ளைகள் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கொஞ்சம் கத்தி வாசித்தார்கள். பிறகு காதைப் பொத்தினார்கள். பிறகு கம்பி வலைப் பக்கமாக ஓடிப் போய் வேடிக்கை பார்த்தார்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபத்தைந்து நிமிடம் போனது. ஒரு வகுப்பு மட்டுமல்ல, அந்த வரிசையில் நாலு வகுப்பு.

அந்த வகுப்பில் காதுக்குக் கருவி போட்ட ஒரு பிள்ளை இருக்கிறாள். அந்தக் கருவி டீச்சரின் குரலை மட்டும் பெரிதாக்குவதில்லை, வெளியே கேட்கும் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். அவள் யாரிடமும் சொல்லாமல் கருவியைக் கழற்றிப் பென்சில் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மெசின் நின்ற பிறகும் அவள் அதைத் திரும்பப் போடவில்லை. பாடசாலை விட்டுப் போகும்போதுதான் கண்டோம்.

“இருபது நிமிடம்தானே சேர், இதுக்குப் போய்...” என்று சொல்கிறவர்களுக்கு எங்களிடம் வேறு பதில் இல்லை. அந்தப் பென்சில் பெட்டிதான் பதில்.

இனி மற்றப் பக்கத்தையும் பேசுவோம். “டீச்சர்மாருக்கு நிழலில் இருந்து பேசுவது லேசு, கூட்டிப் பார்த்தால் தெரியும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. எங்கள் பாடசாலையைக் கூட்டும் நானாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. ஈர்க்குமாறு பிடித்துக் குனிந்து அந்த வளவு முழுவதையும் கூட்ட அவருக்கு இரண்டு மணித்தியாலம் எடுக்கும். கூட்டி முடிந்து நிமிரும்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நிமிர்வார். அவருக்கு மெசின் வேண்டும். அதை வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்த மெசினைப் பற்றி அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? அதை முதுகில் சுமக்கப் போவது அவர். பெரிய பெற்றோல் மெசின் பத்துக் கிலோவைத் தாண்டும், எண்ணெய் நிரப்பினால் இன்னும் கூடும். எஞ்சின் இருப்பது அவருடைய பிடரிக்குக் கீழே. பிள்ளைகளுக்குக் கேட்டது முப்பது மீற்றருக்கு அப்பாலிருந்து வந்த சத்தம். நானாவின் காதுக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

காதுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தொழில் சுகாதாரத்தில் பரவலாகப் பின்பற்றும் அளவு இது: 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணித்தியாலம். 91 என்றால் இரண்டு. 94 என்றால் ஒன்று. 100 டெசிபெல் என்றால் பதினைந்து நிமிடம். சத்தம் கூடிய பெற்றோல் மெசின்கள் மாட்டியிருப்பவரின் காதடியில் இந்த 100ஐ இலேசாகத் தொடும். பதினைந்து நிமிடத்தில் எங்கள் வளவின் கால்வாசியைக்கூட ஊதி முடிக்க முடியாது. மிச்சத்தை அவர் தன் காதைக் கொடுத்துத்தான் ஊத வேண்டும். போன செவி திரும்பி வராது.

இப்போது அந்தக் குரல் பதிவுக்கு வருவோம். சத்தம் கூடினால் பவர் கூடுமா?

சைலன்சரைக் கழற்றின மோட்டார் சைக்கிள் இரவு பதினொரு மணிக்கு நம் தெருவால் போகும்போது, “மாஷா அல்லாஹ், என்ன வேகம்” என்றா சொல்கிறோம்? ஏசுகிறோம். அதே ஆள் பகலில் வந்து மெசின் தெரிவு செய்யும்போது மட்டும் ஏன் நம்புகிறோம்?

ஊதும் மெசினின் சத்தம் மூன்று இடத்திலிருந்து வருகிறது: எஞ்சினின் புகைவாய், உள்ளே சுற்றும் விசிறி, குழாயின் நுனியில் பீய்ச்சும் காற்று. இலையைத் தள்ளுவது காற்று மட்டும்தான். எஞ்சின் கத்துவதால் ஒரு வேப்பிலைகூட அசையாது. நல்ல கம்பனிகள் பெரிய சைலன்சர் வைத்து, விசிறிக் கூட்டைத் திருத்தி, அதிர்வைக் குறைத்து அந்தக் கத்தலை அடக்குகின்றன. மலிவு மெசினில் மிச்சம் பிடிப்பதே அந்த இடத்தில்தான்.

பவரை எப்படிப் பார்ப்பது? பெட்டியில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது என்பது. மற்றது, அந்தக் காற்று என்ன வேகத்தில் வருகிறது என்பது. கடைக்காரர் எப்போதும் பெரிய கணக்கைத்தான் காட்டுவார். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி பொத்திப் பாருங்கள். தண்ணீர் தூரமாகப் பாயும், ஆனால் வாளி நிரம்ப நேரம் எடுக்கும். காற்றும் அப்படித்தான். வேகம் மட்டும் இருந்தால் ஒரு கோடு மாதிரித்தான் கூட்டும். அளவு இருந்தால்தான் காய்ந்த சருகை அகலமாகத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டும் சேர்ந்த தள்ளுவிசையை நியூட்டனில் சொல்வார்கள். தரம் 10 விஞ்ஞானத்தில் படித்த அதே நியூட்டன். இரண்டு மெசினை ஒப்பிடுவதென்றால் அந்த ஒரு எண்ணைக் கேளுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் கடைக்காரரைத் தேடித் தரச் சொல்லுங்கள்.

சத்தத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்யும் மெசின்களில் 50 அடி தூரத்தில், அதாவது ஏறக்குறைய 15 மீற்றரில் அளந்த டெசிபெல் போட்டிருப்பார்கள். சத்தம் குறைந்த பெற்றோல் மெசின்கள் 65 அளவில் நிற்கும். பெரிய மெசின்கள் 75ஐத் தாண்டும். பத்துத்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெசிபெல் கணக்கில் பத்துக் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு, காதுக்குக் கேட்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில பெட்டிகளில் காதடியில் அளந்தது இருக்கும், சிலதில் 50 அடியில் அளந்தது இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரைக்கும் அமைதி வலயம். அங்கே பகலில் அனுமதித்த அளவு 50 டெசிபெல். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது சத்தம் 6 டெசிபெல் குறையும். 15 மீற்றரில் 65 என்றால் 30 மீற்றரில் 59, 60 மீற்றரில் 53. ஆக, சந்தையில் உள்ள அடக்கமான பெற்றோல் மெசின்கூட வகுப்பு நடக்கும் நேரத்தில் நம் வளவுக்குப் பொருந்தாது. இதில் 75, 80 என்று போட்டிருப்பதை வாங்கி, மேலே அன்பளிப்புப் பெயரும் ஒட்டி, பாடசாலைக்குள்ளேயே ஓட்டப் போகிறோம்.

அடுத்த சாதிக்காரரின் திருவிழாச் சத்தமும் பக்கத்து ஊர் இசை நிகழ்ச்சிச் சத்தமும் நமக்குத் தொல்லையாகத் தெரிகிறது. நம் காசில் நாமே வாங்கும் சத்தம் மட்டும் தொல்லையாகத் தெரிவதில்லை. இதை யோசிக்க வேண்டும்.

புகையையும் சொல்ல வேண்டும். இந்த மெசின்களில் கூடுதலானவை எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடும் இரண்டு வீச்சு எஞ்சின்கள். போட்ட பெற்றோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியே வரும். அமெரிக்காவில் எட்மண்ட்ஸ் என்ற வாகன நிறுவனம் 2011இல் ஒரு சோதனை செய்தது. சாதாரண இரண்டு வீச்சு இலை ஊதியும் 6.2 லீட்டர் எஞ்சின் கொண்ட ஒரு பிக்கப் வாகனமும். எரியாத எரிபொருள் புகையில் ஊதிதான் அந்த வாகனத்தைப் பல மடங்கு தாண்டியது. கலிபோர்னியாவில் கார்மெல் என்ற சிற்றூர் 1975இலேயே இலை ஊதிகளைத் தடை செய்தது. தலைநகர் வொஷிங்டனில் 2022 முதல் பெற்றோல் ஊதிக்குத் தடை. அவர்கள் விட்டுவிடுவதை நாம் அன்பளிப்பாக வாங்கி வைக்கலாமா?

“அப்ப பற்றரி மெசின் வாங்கச் சொல்றீங்களா?” ஓம். ஆனால் அதன் குறையையும் மறைக்க மாட்டோம். விலை கூட. முழு வேகத்தில் விட்டால் பல மெசின்களில் இருபது, முப்பது நிமிடத்தில் பற்றரி இறங்கிவிடும். இரண்டாவது பற்றரி ஒன்று கட்டாயம் வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல் வாங்கினால் மூன்றாம் மாதம் அது களஞ்சிய அறையில் தூசி பிடிக்கும். நிறைவு என்னவென்றால் புகை இல்லை, சத்தம் குறைவு, பாரம் குறைவு, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணத் தேவையில்லை. 2022இல் கானைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் செட் வாசலில் எத்தனை நாள் நின்றோம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

எங்கள் முடிவு இதுதான். பாடசாலைக்குப் பற்றரி மெசின். மையவாடிக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் பெரிய மெசின்தான் வேண்டும் என்றால், 65 அளவில் உள்ள சத்தம் குறைந்த பெற்றோல் மெசின். இரண்டுக்கும் காசு போதாது என்றால் பாடசாலைக்கு முதலில்.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்பார்கள். வீட்டுக்கு வரும் மாடு என்றால் சரி. பிள்ளைகள் படிக்கும் இடத்தில் கட்டப் போகும் மாடு என்றால் பல்லையும் பார்ப்போம், கொம்பையும் பார்ப்போம். கொடுப்பவரின் நன்மை குறையக் கூடாது என்பதற்காகத்தான் பார்க்கிறோம்.

காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை:

1. தள்ளுவிசை எத்தனை நியூட்டன், சத்தம் எத்தனை டெசிபெல், எந்தத் தூரத்தில் அளந்தது என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

2. நானாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் முதுகில் மாட்டி, பத்து நிமிடம் நடந்து பார்க்கட்டும். வார் அவருடைய தோளுக்குப் பொருந்த வேண்டும், தலைவருடைய தோளுக்கு அல்ல.

3. உதிரிப்பாகமும் திருத்துமிடமும் நம் மாவட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

4. காதுக் கவசம், கண்ணாடி, முகமூடி மூன்றையும் மெசினோடு சேர்த்தே வாங்குங்கள். “பிறகு பார்ப்போம்” என்றால் அது வராது.

5. நேரத்தை எழுதி ஒட்டுங்கள். முதல் மணிக்கு முன்னர் அல்லது பாடசாலை விட்ட பிறகு. பரீட்சை நாட்களில் அறவே இல்லை.

6. காய்ந்த சருகுக்குப் பாதி வேகம் போதும். மாரியில் மண்ணோடு ஒட்டிய ஈர இலைக்கு எந்த மெசினையும் விட ஈர்க்குமாறு நல்லது. வெறும் மணலில் ஊதினால் இலையோடு தூசியும் கிளம்பி வகுப்புக்குள்ளேதான் வரும்.

7. சேர்த்த இலையை எரிக்க வேண்டாம். குழி வெட்டிப் பசளை ஆக்குங்கள். விவசாய பாட மாணவர்கள் செய்வார்கள், நாங்கள் பொறுப்பு.

வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அபிவிருத்திக் குழுக் கூட்டம் இருக்கிறது. நாங்கள் வருவோம். குரல் பதிவு போட்ட சகோதரரும் வர வேண்டும். அவர் மேல் கோபம் இல்லை. ஊருக்கு நன்மை செய்ய நினைத்துத்தான் சொன்னார். ஒரு வேண்டுகோள் மட்டும்: கூட்டத்துக்கு வரும் முன் ஒரு நாள் காலையில் ஆரம்பப் பிரிவுக்கு வந்து, தரம் 2 வகுப்பின் கடைசி வரிசையில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். அந்தச் சின்னக் குரல்கள் எவ்வளவு மெதுவானவை என்று கேட்டுவிட்டு, பிறகு எந்த மெசின் வேண்டும் என்று சொல்லுங்கள்.

நானாவிடமும் கேட்டோம். “எதையும் வாங்குங்க சேர், நான் கூட்டுவன். ஆனா பேரப்புள்ள ‘வாப்பும்மா கூப்புடுறா’ எண்டு சொன்னாக் கேக்கிற மாதிரிக் காது இரிக்கோணும்” என்றார்.

பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.