தாத்தாவை உட்கார வைக்காதீங்க!

"டாக்டர், இவர் சொன்ன பேச்சே கேட்க மாட்டேங்கறார். பேரனோட சேர்ந்துக்கிட்டு டி.வி. முன்னாடி நின்னு ஆடறார். நீங்களாவது கண்டிச்சு வைங்க!"

என்னிடம் வந்த ஒரு அம்மாவின் புகார் இது. கணவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது 72. இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, வெறும் வீக்கம்தான். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் தடை உத்தரவு! "அப்பா, உட்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்பார் மகன். "மாமா, படி ஏறாதீங்க" என்பார் மருமகள். எல்லாம் அன்புதான். அந்த அன்பே அவர் கால்களைக் குச்சியாக்கி விட்டது.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன், பரணில் கிடந்த தன் பழைய 'வீ ஃபிட்' விளையாட்டைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். "அப்படி என்ன ஐயா ஆட்டம்?" என்று கேட்டேன். பெரியவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். "பலகை மேல நின்னு உடம்பைச் சாய்ச்சுச் சாய்ச்சு பந்தைக் குழியில தள்ளணும் டாக்டர். நேத்து பேரனையே ஜெயிச்சுட்டேன்!"

நான் கண்டிக்கவில்லை. "ஆடட்டும்மா. பக்கத்துல ஒரு கனமான நாற்காலியை மட்டும் போட்டு வைங்க" என்றேன். அம்மாவுக்கு ஏமாற்றம்.

ஒரு சித்த வைத்தியன் வீடியோ கேமுக்கு வக்காலத்து வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். காரணம் சொல்கிறேன்.

நாம் விழாமல் நிற்பது மூன்று பேர் தரும் தகவலால். கண், உட்காது, பாதமும் மூட்டுகளும். மூன்றையும் சேர்த்து மூளை கணக்குப் போட, தசைகள் அதன்படி இழுத்துப் பிடிக்கின்றன. வயதாக ஆக மூன்றுமே மங்கும். அதோடு நடமாட்டத்தையும் நிறுத்திவிட்டால்? தசை இளைக்கும், பயம் கூடும், பயத்தால் நடமாட்டம் இன்னும் குறையும், மறுபடி விழுவார். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, கீழே விழுந்து இறப்பவர்கள் உலகில் வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர். அதிகம் பலியாவது 60 வயதைத் தாண்டியவர்கள்.

மூட்டுக்கு எண்ணெய் தருகிறேன், தொக்கணமும் செய்கிறேன். வலி குறையும், பிடிப்பு விடும். ஆனால் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுத்தால் நிதானம் வந்துவிடாது. அது பழகினால்தான் வரும்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2007 டிசம்பரில் கொண்டுவந்தது இந்தப் பலகை. நான்கு மூலையிலும் எடையை உணரும் கருவிகள் உண்டு. உடம்பின் பாரம் எந்தக் காலில் விழுகிறது என்பது உடனே திரையில் தெரியும். வலிக்கிற காலைத் தப்பவைத்து மற்றதிலேயே நிற்பவருக்கு, தான் அப்படி நிற்பதே தெரியாது. திரை காட்டிக் கொடுத்துவிடும்!

பலகை மந்திரம் செய்யும் என்று சொல்ல மாட்டேன். இப்படி ஆடிய முதியவர்களின் நிதானம் கூடியதைப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் விழுவதைக் குறைக்கும் என்று பலமாக நிரூபணமானது பொதுவான உடற்பயிற்சிதான். 2019-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 108 ஆய்வுகளை அலசியது. பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவிகிதம் குறைந்திருந்தது.

அப்படியானால் விளையாட்டு எதற்கு? சூரணத்தைத் தேனில் குழைத்துத் தருகிறோமே, அந்த அனுபானம்தான் இது. மருந்து பயிற்சி, தேன் விளையாட்டு. "ஒத்தைக் கால்ல நில்லுங்க" என்றால் இரண்டாம் நாளே முனகுபவர், பேரனை ஜெயிக்க வேண்டுமென்றால் தினமும் ஏறுவார்.

ஆனால் சில நிபந்தனைகள். அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள், சமீபத்தில் எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது. தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் சிலருக்குத் தள்ளாட்டம் தரும், அதையும் சொல்லிக் கேளுங்கள். தனியாக ஆட வேண்டாம். வழுக்கும் தரை, சாக்ஸ், தடுக்கும் மிதியடி கூடாது. பலகையிலிருந்து இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். முதலில் பத்து நிமிஷம் போதும்.

'வீ' தயாரிப்பு 2013-லேயே நின்றுவிட்டது. அதைத் தேடி அலையாதீர்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலிலும் பத்து விநாடி நிற்பது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுவது, சுவரோரமாக ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம் வைத்து நடப்பது... இவையும் அதே மருந்துதான். வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று எண்ணட்டும், போட்டி போடட்டும். தேன் அங்கேதான் இருக்கிறது.

பெரியவர் கிளம்பும்போது மகன் வழக்கம்போல் கையைப் பிடிக்க வந்தார். "விடுப்பா" என்று வாசல் படியில் தானே இறங்கினார். மகன் ஓரடி பின்னால் நின்றார். நாம் செய்ய வேண்டியதும் அதுதான். பிடித்து உட்கார வைக்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள்!