ஜூன் 12: மேட்டூரும் பெஞ்சும்

ரொம்ப நாளா கடையைத் திறக்கல. ஆணி ஜாஸ்தின்னு சாக்கு சொல்லலாம்னு பார்த்தா, இப்ப ஊர்ல ஆணி இல்லைன்னு சொல்லித்தான் ஆளை அனுப்பிக்கிட்டு இருக்காங்க. அதனால அந்தச் சாக்கும் செல்லாது :-)

தஞ்சாவூர்க்காரனுக்கு ஜூன் 12-ன்னா ஒரே அர்த்தம்தான். மேட்டூர் திறக்குற நாள். அந்தத் தேதியில தண்ணி வந்தா குறுவை உண்டு, இல்லேன்னா இல்லை. 2012-லேருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் அந்தத் தேதிக்குத் திறக்கவே இல்லை. 2020-லதான் மறுபடி திறந்தாங்க. 2024-ல ஜூலை 28 ஆச்சு. 2025-ல சரியா 12-ந்தேதியே திறந்தாங்க, 15-ந்தேதி கல்லணையும் திறந்தாச்சு. ஊரே சந்தோஷமா நாத்தங்கால்ல இறங்குச்சு.

அதே 2025 ஜூன் 12-லதான் டி.சி.எஸ். கம்பெனியோட புது பெஞ்ச் விதியும் அமலுக்கு வந்துச்சு. வருஷத்துல 225 நாளாவது வாடிக்கையாளர் காசு குடுக்குற வேலையில இருக்கணும். 35 நாளுக்கு மேல பெஞ்சுல உக்காரக் கூடாது. ஜூலை கடைசியில அடுத்த சேதி: உலகம் முழுக்க ஆள்ல 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறோம், பெரும்பாலும் நடு மட்டத்துலயும் மேல் மட்டத்துலயும்னு அறிவிப்பு. அந்தக் காலாண்டுல அவங்க நிகர லாபம் 12,760 கோடி ரூபாய். நஷ்டத்துல மூழ்குற கப்பல்லேருந்து மூட்டையைத் தூக்கிக் கடல்ல போடுற கதை இல்லைங்க இது.

ஏ.ஐ. வந்து வேலையைப் புடுங்கிடுச்சான்னு கேட்டதுக்கு, அது காரணம் இல்லை, திறமைக்கும் இருக்குற வேலைக்கும் பொருந்தி வரலைன்னு தலைமை அதிகாரி கிருத்திவாசன் சொன்னார். சரி, அவர் சொல்றதை அப்படியே எடுத்துக்குவோம். 17 வருஷம் நீங்க குடுத்த வேலையைத்தானே அந்த ஆள் செஞ்சான்? பொருந்தாமப் போனது என்னிக்கு, அன்னிக்கே ஏன் சொல்லலைன்னு கேட்டா பதில் கிடையாது.

செப்டம்பர் முடிவுல அவங்க கணக்குப்படி ஆள் எண்ணிக்கை 6,13,069-லேருந்து 5,93,314-க்கு வந்துருச்சு. மூணே மாசத்துல 19,755 பேர் குறைவு. தானா விலகிப் போனவங்களும் இதுல சேர்த்தின்னு நியாயமா சொல்லணும். ஆனா "தானா விலகினார்"ங்கிற வார்த்தையிலதான் சூட்சுமமே இருக்கு. இந்தப் பதிவே அதைப் பத்தித்தான்.

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன், என்கூட பள்ளிக்கூடம் படிச்சவன். பாபநாசம் பக்கம். குடும்பத்துல முதல் பட்டதாரி. அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர். சொசைட்டியில நகையை வச்சுப் படிக்க வச்சாங்க. வேலை கிடைச்சதும் நகையைத் திருப்பினான், கூரை வீட்டை மெத்தை வீடாக்கினான், தங்கச்சியைக் கட்டிக் குடுத்தான். இப்ப பெரும்பாக்கத்துல ஒரு ஃப்ளாட், மாசம் நாப்பதாயிரம் இ.எம்.ஐ. அவன் கம்பெனி வேற, பேரு வேணாம். போன மாசம் மீட்டிங்னு கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, "நீங்களே ராஜினாமா குடுத்துட்டா ரெண்டு மாசச் சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் வரும். இல்லேன்னா டெர்மினேஷன்னு பதிஞ்சுருவோம், அப்புறம் எந்தக் கம்பெனியிலயும் பேக்ரவுண்ட் செக் தாண்ட மாட்டீங்க"ன்னு சொல்லியிருக்காங்க. போனைக் கூட வெளியில வச்சுட்டு வரச் சொல்லிட்டாங்களாம்.

ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன். "மாப்ள, கையெழுத்து போட்டுடவாடா? அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

நான் வக்கீல் இல்லை. ஆனா பொறந்து வளர்ந்த ஊரோட கதை கொஞ்சம் தெரியும். அவன்கிட்ட அதைத்தான் சொன்னேன்.

1952-ல ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே ஒரு சட்டம் வந்துச்சு. தஞ்சை சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். முதல்ல ஆகஸ்ட் மாசம் அவசரச் சட்டமா வந்தது. ஒரு கிராமத்துல ஒரு வேலிக்கு மேல (எங்க பக்கம் வேலின்னா 20 மா, அதாவது 6.67 ஏக்கர்) நிலம் வச்சிருக்குற மிராசுதாருக்கு இது பொருந்தும். பண்ணையாளைக் காரணம் இல்லாம நீக்கக் கூடாது, இவ்வளவு நெல் கூலி குடுக்கணும்னு சட்டம் சொல்லுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு.

மிராசுதாருங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? சட்டத்தை யாரும் மீறலை. பண்ணையாள்ங்கிற பேரையே எடுத்துட்டாங்க. "நீ இனிமே பண்ணையாள் இல்லை, தினக்கூலி. வேலை இருந்தா கூப்புடுறேன்." அதே ஆளு, அதே வயலு, அதே சேறு. பேரு மட்டும் மாறிப் போச்சு. சட்டம் பண்ணையாளுக்குத்தானே? தினக்கூலிக்கு அதுல ஒரு வரியும் கிடையாது. பண்ணையாள் முறை தஞ்சாவூர்ல ஒழிஞ்சதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்னு ஆராய்ச்சி பண்ணினவங்க எழுதியிருக்காங்க. அடிமைத்தனம் போனது நல்லதுதான், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்லை. ஆனா அதுகூடவே அறுப்புக்கு அப்புறம் அடுப்பு எரியுங்கிற உத்தரவாதமும் போச்சு. கூலிச் சண்டை முத்தி 1968 டிசம்பர் 25-ல கீழ்வெண்மணியில 44 பேரை எரிச்சுக் கொன்னதுக்கு அப்புறம்தான், 1969-ல நியாயக் கூலிச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு.

பண்ணையாளும் ஏ.சி. ரூம்ல உக்காந்திருக்குறவனும் ஒண்ணான்னு கேக்காதீங்க. ஒண்ணு இல்லை. அவங்க பட்ட அடிக்கும் சாணிப்பாலுக்கும் இது உறை போடக் காணாது. நான் சொல்றது அந்தப் பேரை மாத்துற வித்தையை மட்டும்தான். அது அப்படியே ஓ.எம்.ஆர். ரோட்டுக்குக் குடி வந்திருக்கு.

பாருங்க. தொழில் தகராறு சட்டம் "தொழிலாளி"க்குத்தான் காவலா இருந்துச்சு. மேனேஜருக்குக் கிடையாது. அதனால யாரையாவது அனுப்பணும்னா, "இவர் மேனேஜர் அந்தஸ்து"ன்னு சொல்லிடுறது. அவனுக்குக் கீழே ஒரு ஈ காக்கா இருக்காது, காலையிலேருந்து கோடு எழுதிக்கிட்டு இருப்பான், விசிட்டிங் கார்டுல மட்டும் கன்சல்டன்ட். 2015-ல டி.சி.எஸ்.-லேருந்து நீக்கப்பட்ட ஒருத்தர் சென்னை தொழிலாளர் நீதிமன்றத்துல கேஸ் போட்டார். அவர் நிர்வாகப் பதவியில இருந்தவர், தொழிலாளியே இல்லைன்னுதான் கம்பெனி வாதாடுச்சு. பட்டப்பேரு முக்கியம் இல்லை, செஞ்ச வேலைதான் முக்கியம், இவர் தொழிலாளிதான்னு சொல்லி, முழுச் சம்பளத்தோட திரும்ப வேலைக்கு எடுக்கணும்னு 2022 ஏப்ரல்ல தீர்ப்பு வந்துச்சு. ஆனா அதுக்கு ஏழு வருஷம் ஆச்சுங்கிறதையும் சேர்த்தே சொல்லணும். ஏழு வருஷம் இ.எம்.ஐ. காத்திருக்குமா?

2025 நவம்பர் 21-லேருந்து பழைய சட்டம் போய் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தாச்சு. இதுலயும் நிர்வாகப் பதவிக்குப் பாதுகாப்பு கிடையாது. மேற்பார்வை வேலைன்னா மாசம் 18,000-க்கு மேல வாங்குறவரும் தொழிலாளி இல்லை. இந்தக் காலத்துல மேற்பார்வை பாக்குற எவன் 18,000-க்குக் கீழ வாங்குறான்? ஆனா தொழில்நுட்ப வேலை செய்றவர் இன்னமும் தொழிலாளிங்கிற கணக்குலதான் வர்றார். ஆட்குறைப்புன்னா ஒரு மாச நோட்டீஸ், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம்ங்கிற கணக்கும் இருக்கு. ராஜினாமாவுல கையெழுத்து போட்ட அடுத்த நிமிஷம் இது எதுவும் கிடையாது. ஏன்னா கம்பெனி உங்களை அனுப்பலை, நீங்களா போயிட்டீங்க. ஆட்குறைப்பே நடக்கலை. புரியுதுங்களா, எதுக்கு அந்தக் கதவைச் சாத்துறாங்கன்னு?

கம்பெனின்னா எல்லாரையும் காலம் பூரா வச்சுக்கணும்னு நான் சொல்ல வரலை. தொழில் மாறும், ஆளு மாறும். அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா பேரைச் சொல்லி அனுப்புங்க. "ஆட்குறைப்பு"ன்னு எழுதிக் குடுங்க, சட்டப்படி உள்ளதைக் குடுங்க. 12,000 பேர்னு பொதுவா ஒரு எண்ணை வீசிட்டு, யாருன்னு சொல்லாம மாசக்கணக்குல ஆறு லட்சம் பேரையும் பயத்துல உக்கார வச்சா, அந்தப் பயத்துல எத்தனை பேரு ஞாயித்துக்கிழமையும் லேப்டாப்பைத் திறப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இந்த ஓவர்டைம் எந்தக் கணக்குலயும் வராது.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "வேலை போனா என்னங்க, சொந்த ஊருக்கு வந்து விவசாயம் பாக்க வேண்டியதுதானே"ன்னு சொல்றவங்க. முகநூல்ல பச்சை வயல் படத்தோட போடுவாங்க. ஐயா சாமி, ஒரு நடை வந்து பாருங்க. 2025-26 பருவத்துக்கு அரசு கொள்முதல் விலை குவிண்டாலுக்குச் சாதா ரகம் 2,500, சன்ன ரகம் 2,545. நல்லா விளைஞ்சு ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டாலும் ஐம்பதாயிரம். உழவு, நடவு, உரம், மிஷின் வாடகைன்னு பாதிக்கு மேல அதுலயே போயிடும். ரெண்டு ஏக்கர்ல ஒரு போகம் மிஞ்சுறது அவனோட ஒரு மாச இ.எம்.ஐ.-க்குப் பக்கத்துல வந்தாலே பெரிசு. அதுவும் நெல்லு நிலையத்துல ஏறினாத்தான் காசு. 2025 அக்டோபர்ல தஞ்சாவூர் பக்கம் ரோட்டோரம் கொட்டி வச்ச குறுவை நெல்லு மழையில முளைச்சுக் கிடந்ததை டி.வி.-யில பார்த்திருப்பீங்க. ஈரப்பதம் 17-க்கு மேல போனா எடுக்க மாட்டாங்க.

வேலைக்கு ஆளும் முன்ன மாதிரி வேண்டியதில்லை. அறுப்புக்கு ஆத்தூர், சேலம் பக்கத்துலேருந்து செயின் வண்டி வந்து இறங்குது. ஒரு ஏக்கரை சுமார் ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிடுது. அறுக்க, கட்டு கட்ட, களத்துல அடிக்கன்னு வந்த பொம்பளைங்க, ஆம்பளைங்க எல்லாரும் ஒவ்வொரு வருஷமா காணாமப் போயிட்டாங்க. அவங்களை யாரும் மீட்டிங்குக்குக் கூப்பிடலை. லெட்டர் குடுக்கலை. திருப்பூர், சென்னைன்னு அவங்களே போய்ட்டாங்க. அதுக்கும் "தானா போனாங்க"ன்னுதான் பேரு.

ஆகையால நம்ம ஐ.டி. மக்களுக்குச் சொல்றது ஒண்ணுதான். சாத்துன கதவுக்குள்ள எதுலயும் கையெழுத்து போடாதீங்க. "நீங்க சொல்றதை மெயில்ல அனுப்புங்க, யோசிச்சு சொல்றேன்"னு மட்டும் சொல்லிட்டு எழுந்து வாங்க. அப்ரைசல் தாள், சம்பளச் சீட்டு எல்லாம் வீட்டுல ஒரு பிரதி இருக்கட்டும். சங்கம்னா செங்கொடி, உண்டியல், நமக்கு எதுக்குன்னு முகம் சுளிக்காதீங்க. ஐ.டி. ஊழியரும் சங்கம் வைக்கலாம்னு 2016-லயே தமிழ்நாடு அரசு தெளிவாச் சொல்லிடுச்சு. ஃபைட், யூனைட்னு அமைப்புங்க இருக்கு. போய்ப் பேசிப் பாருங்க, பிடிக்கலேன்னா வந்துடுங்க.

என் சிநேகிதன் அதைத்தான் செஞ்சான். மெயில்ல அனுப்பச் சொல்லிட்டு எழுந்து வந்துட்டான். மூணு வாரம் ஆச்சு, மெயில் வரலை. இதை எழுதுற வரைக்கும் அவன் கார்டுக்குக் கேட் திறக்குது. அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. அவரு தளடி நடவுக்கு ஆள் கிடைக்கலைன்னு புலம்பிக்கிட்டு இருக்காரு.

பி.கு: தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல இருக்கு. மனு குடுக்கப் போறவங்க தனியாப் போகாதீங்க, ரெண்டு பேராப் போங்க.