எடைக்குப் போடும் முன்

அஞ்சல்தலை சேர்ப்பவர்களை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. பழைய ஆசிலோஸ்கோப் சேர்ப்பவர்களை வீட்டிலுள்ளவர்களே அப்படித்தான் பார்க்கிறார்கள். அஞ்சல்தலைகள் ஓர் அலமாரித் தட்டில் அடங்கிவிடும். ஆசிலோஸ்கோப்புக்கு ஒரு மேசை வேண்டும். நாலைந்து சேர்ந்துவிட்டால் ஓர் அறையே வேண்டும். வீவக வீட்டில் ஓர் அறைக்கு எத்தனை பேர் போட்டி என்பது உங்களுக்கே தெரியும்.

நானும் அந்த விநோதப் பிறவிகளில் ஒருவன். மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அந்தத் தொழிலுக்கு ஒரு காலத்தில் கைகொடுத்த சோதனைக் கருவிகளைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. மின்னழுத்தத்தை அளக்கும் மீட்டர், மின்னலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப், வேண்டிய அதிர்வெண்ணில் அலை தரும் ஜெனரேட்டர் ஆகியவை மருத்துவருக்கு ஸ்டெதஸ்கோப் போல எங்களுக்கு. இந்தப் பொழுதுபோக்கு இன்னும் இருபது ஆண்டு தாங்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில், இவற்றில் அப்படி என்ன இருக்கிறது? ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் 1939ல் தொடங்கியபோது அதன் முதல் தயாரிப்பு கணினியோ பிரிண்டரோ அல்ல. 200ஏ என்ற ஒலி அலை ஜெனரேட்டர். அலையின் அளவு ஏறி இறங்காமல் இருக்க, அதற்குள் ஒரு சின்ன மின்விளக்கை வைத்தார் பில் ஹியூலெட். சூடேறினால் விளக்கின் மின்தடை கூடும். அதுவே அலையைக் கட்டுக்குள் வைக்கும். அடுத்து வந்த 200பி கருவிகளில் எட்டை, ‘ஃபேன்டேஷியா’ படத்துக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் வாங்கியது. டெக்ட்ரானிக்ஸ் 1946ல் தொடங்கியது. அதன் வால்வு காலத்து ஆசிலோஸ்கோப்புகளைத் திறந்தால், பீங்கான் பட்டைகளில் பாகங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு சுருள் ஈயமும் இருக்கும். அந்தப் பட்டைக்கு வெள்ளி கலந்த ஈயம்தான் வேண்டும் என்பதால், பிற்பாடு பழுதுபார்க்க வருகிறவருக்காகத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பினார்கள். முகம் தெரியாத ஒருவருக்காக யோசித்துச் செய்த பொருள் அது.

நம் வட்டாரத்துக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. ஹியூலெட் பேக்கார்ட் 1970ல் சிங்கப்பூரிலும் 1972ல் பினாங்கு பாயான் லெப்பாசிலும் கால் பதித்தது. அதன் அளவைக் கருவிப் பிரிவு 1999ல் அஜிலென்ட் ஆனது. 2014ல் கீசைட் ஆனது. பினாங்கில் இன்றும் அது இயங்குகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸில் ஷிஃப்ட் வேலைக்குப் போய் வந்த அக்கா, அண்ணன் எவரும் இல்லாத தமிழ்க் குடும்பம் பினாங்கில் குறைவுதான்.

சரி, எதிர்காலத்துக்கு வருவோம். என் தலைமுறை பழைய கருவி வாங்கியதற்குக் காரணம் ஆசை மட்டும் இல்லை, பணமும்தான். புது ஆசிலோஸ்கோப் பல மாதச் சம்பளம். அதனால் தொழிற்சாலை கழித்துக் கட்டியதை வாங்கிச் சரிசெய்தோம். இன்று சில நூறு வெள்ளிக்கு நான்கு அலைகளை ஒரே நேரத்தில் காட்டும் புது டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் வீட்டு வாசலுக்கே வருகிறது. கையில் தூக்கினால் இரண்டு மூன்று கிலோகூட இருக்காது. 1970களின் டெக்ட்ரானிக்ஸ் 465 பத்துக் கிலோவுக்கு மேல். ‘மலிவு’ என்ற காரணம் போய்விட்டது. தேடி அலையும் இடமும் குறைந்துவிட்டது. சுங்கை ரோடு பழஞ்சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு முடிந்தது. சிம் லிம் டவரில் உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது. ஆனால், தரையில் விரித்த பாயில் ஒரு பழைய மீட்டரைக் கண்டெடுக்கும் சுகம் அங்கே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் கருவிகளுக்குள்ளேயே இருக்கிறது. பழசாக ஆக ஆகச் சரிசெய்வது கடினம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. 1950களின் வால்வு கருவியில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். வால்வு, மின்தடை, கெப்பாசிட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றலாம். கூடவே வந்த கையேட்டில் முழு மின்சுற்றுப் படமும், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதும் அச்சாகியிருக்கும். 1980களுக்கு வந்தால், அந்த ஒரு கருவிக்காகவே செய்த சிப்புகள். அது போனால் இன்னொரு கருவியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். டெக்ட்ரானிக்ஸ் 2465பி போன்றவற்றில் அளவுத் திருத்த எண்கள் பேட்டரியால் உயிர்வாழும் நினைவகத்தில் இருக்கின்றன. பேட்டரி தீர்ந்தால் கருவி தன் அளவையே மறந்துவிடும். 2000களின் கருவிகளில் பலவற்றுக்குள் விண்டோஸ் கணினியே உட்கார்ந்திருக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க் போய், மென்பொருளின் நகலும் இல்லையென்றால் மிஞ்சுவது இரும்புப் பெட்டிதான். அறுபது வயது தாத்தா நடமாட, இருபது வயதுப் பேரன் படுத்துவிடும் கதை இது. போதாக்குறைக்கு நம் ஊர் ஈரக்காற்று வேறு.

ஆக, கருவி பிழைக்குமா என்பது அதைத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதில்தான் இருக்கிறது. இதை நான் பினாங்கில் கண்கூடாகப் பார்த்தேன். தொழிற்சாலையில் முப்பது ஆண்டுக்கு மேல் கருவிகளின் அளவைச் சரிபார்த்த அண்ணன் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தவறிவிட்டார். இருபத்திரண்டு கருவிகள் அவர் அறையில் இருந்தன. “தம்பி, எது நல்லது, எது குப்பைன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க அண்ணனைக் கேட்டா எல்லாமே தங்கம்னுதான் சொல்வாரு,” என்றார் அண்ணி. பழைய இரும்பு எடுப்பவர் கிலோவுக்கு இத்தனை ரிங்கிட் என்று விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

மூன்று வாரயிறுதிகள் போய் வந்தேன். எது ஓடும், எதில் எந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது, எது உதிரிக்காக வைத்தது என்பதெல்லாம் அண்ணன் தலைக்குள் இருந்தது, அவரோடு போய்விட்டது. ஒரே ஒரு ஆசிலோஸ்கோப்பின் மேல் மட்டும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: எந்த ஆண்டு எந்தக் கெப்பாசிட்டரை மாற்றினார், எத்தனை நிமிடம் சூடானபின் பார்க்க வேண்டும், இரண்டாவது சேனலில் என்ன குறை என்று நான்கு வரி. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அன்று மாலையே ஓர் இளம் பொறியாளர் தன் அப்பாவோடு வந்து அதை வாங்கிக்கொண்டார். இன்னும் எட்டுக் கருவிகளுக்கு இடம் கிடைத்தது. மற்ற பதின்மூன்றும் எடைக்குப் போயின. அவற்றில் நல்லவையும் இருந்திருக்கும். சீட்டு இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கின் எதிர்காலத்தை விலையை வைத்து நான் கணிப்பதில்லை. அமெரிக்காவில் ஆரிகனில் டெக்ட்ரானிக்சின் முன்னாள் ஊழியர்கள் தொண்டூழியர்களாக நின்று ஓர் அரும்பொருளகம் நடத்துகிறார்கள். பழைய கருவிகளை நேசித்த சுற்று வடிவமைப்பாளர் ஜிம் வில்லியம்ஸ் 2011ல் இறந்தபின், பாகங்கள் குவிந்து கிடந்த அவருடைய வேலை மேசையைக் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அரும்பொருளகம் அப்படியே காட்சிக்கு வைத்தது. பழைய கையேடுகளை ஆர்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பகிர்கிறார்கள். சேர்ப்பவர்கள் எண்ணிக்கை குறையலாம். தெரிந்ததை எழுதி வைப்பவர்கள் இருக்கும்வரை இது அழியாது.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு: வேலைக்குப் புதுக் கருவியே போதும். கற்றுக்கொள்ள ஒரு பழையது வாங்குங்கள். ஒன்று போதும். கையேடு கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால், பின்பக்கம் 115 வோல்ட்டில் இருக்கிறதா, 230ல் இருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். படக்குழாய் உள்ள கருவியில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் மூடியைத் திறக்கவே வேண்டாம். அந்தத் தெரிந்தவரைத் தேடிப் போவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பம்.

என்னைப் போல் சேர்த்துவிட்டவர்களுக்கு: ஓடுவது, ஓடாதது, உதிரிக்கு என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு வரிச் சீட்டு ஒட்டுங்கள். மாதம் ஒருமுறையாவது மின்சாரம் கொடுங்கள். யாருக்குப் போக வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள்; முடிந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல நீங்கள் இருக்க வேண்டாமா?

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவின் அறையில், தாத்தாவின் கட்டிலடியில் இப்படி ஏதாவது இருந்தால், காராங்குனிக்காரரைக் கூப்பிடுமுன் அவரிடமே கேளுங்கள். “இது என்ன செய்யும்?” என்று ஒரே ஒரு கேள்வி. கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் பேசுவார். பாதி உங்களுக்குப் புரியாது. பரவாயில்லை. புரிகிற ஒருவர் கைக்கு அந்தக் கருவி போகும்போது, அந்தப் பதிவும் கூடவே போகட்டும்.