புள்ளிகள் பெருகினால் விளையாட்டு சிறக்குமா?



தீபாவளி நெருங்கும்போதும் பள்ளி விடுமுறை தொடங்கும்போதும் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பையன் புது பிளேஸ்டேஷன் கேட்கிறான். அதற்கு 4கே தொலைக்காட்சியும் வேண்டுமாம். இல்லாவிட்டால் விளையாட்டு நன்றாக இருக்காதாம். உண்மையா?"

பிள்ளைகள் நிகழ்பட விளையாட்டு விளையாடலாமா, கூடாதா என்பது வேறு விவாதம். அதை இன்று தொடப் போவதில்லை. விளையாட்டுக் கருவியின் திரைத் தெளிவு கூடினால் விளையாட்டின் தரமும் கூடுமா என்பதை மட்டும் பார்ப்போம். இது பணம் தொடர்பான கேள்வி. பிள்ளையின் கண் தொடர்பான கேள்வியும்கூட.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைத் தெளிவு ஓர் எல்லை வரை மிகவும் முக்கியம். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு கூடும் புள்ளிகள் விற்பவருக்கு உதவும் அளவுக்கு விளையாடுபவனுக்கு உதவுவதில்லை.

புள்ளிக் கணக்கு

திரையில் நாம் காணும் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. அவற்றைப் படப்புள்ளிகள் என்கிறோம். 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம் கருவியின் படம் குறுக்கே 256, நெடுக்கே 240 புள்ளிகள் கொண்டது. மொத்தம் 61,440 புள்ளிகள். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-உம் 2006-இல் பிளேஸ்டேஷன் 3-உம் வந்தபோது 720பி என்னும் அளவு பேசப்பட்டது. அது 1280 x 720, அதாவது 921,600 புள்ளிகள். அடுத்து வந்த 1080பி அளவில் 2,073,600 புள்ளிகள். இன்று பேசப்படும் 4கே அளவு 3840 x 2160. மொத்தம் 8,294,400 புள்ளிகள். ஃபாமிகாமைப் போல் சரியாக 135 மடங்கு!

எண்ணைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், 135 மடங்கு புள்ளிகள் 135 மடங்கு மகிழ்ச்சியைத் தருமா? ஃபாமிகாமில் விளையாடி வளர்ந்தவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கண்ணுக்கும் ஓர் அளவு உண்டு

திரையின் திறனைப் பற்றி விளம்பரம் பேசுகிறது. பார்க்கும் கண்ணின் திறனைப் பற்றி அது பேசுவதில்லை. இயல்பான பார்வையுள்ள ஒருவரால் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைத்தான் பிரித்தறிய முடியும். கண் மருத்துவரின் எழுத்துப் பலகையும் இந்த அளவை அடிப்படையாகக் கொண்டதே.

இதைக் கொண்டு எளிய கணக்கு ஒன்று போடலாம். 50 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர்.

1. அதில் 720பி படத்தை ஏறத்தாழ 3 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியா.
2. 1080பி படத்திற்கு அந்தத் தொலைவு ஏறத்தாழ 2 மீட்டர்.
3. 4கே படத்திற்கு ஏறத்தாழ 1 மீட்டர்.

இப்போது அளவு நாடாவை எடுத்து, உங்கள் வீட்டு நாற்காலிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பாருங்கள். என் வீட்டில் 2.7 மீட்டர் வந்தது. அந்தத் தொலைவிலிருந்து பார்க்கும் எனக்கு 1080பி திரையே போதுமானது. 4கே திரையின் புள்ளிகளால் முழுப் பயன் பெற வேண்டுமானால் பிள்ளை திரைக்கு மிக அருகில் போய் அமர வேண்டும். "தள்ளி உட்கார்" என்று நாள்தோறும் சொல்லும் பெற்றோர், அருகில் அமர்ந்தால் மட்டுமே பயன் தரும் பொருளை வாங்குவது முரண் இல்லையா?

நேர்மைக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு முழு உண்மை அன்று. சாய்ந்த கோடுகளின் ஓரத்தில் தோன்றும் படிக்கட்டு போன்ற நெளிவையும், படம் நகரும்போது ஏற்படும் மினுக்கத்தையும் கண் இதைவிட நுட்பமாகக் கண்டுகொள்ளும். ஆதலால், தொலைவில் அமர்ந்திருந்தாலும் 4கே படம் சற்று அமைதியாகத் தோன்றலாம். வேறுபாடு அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. விலையில் உள்ள வேறுபாட்டுக்கு ஈடான வேறுபாடு இல்லை என்பதே என் வாதம்.

விளையாட்டை ஆக்கியவர்களே என்ன செய்தார்கள்?

2007-இல் வெளிவந்த ஹேலோ 3 அந்நாளில் பெரும்புகழ் பெற்ற விளையாட்டு (சிறுவருக்கானது அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்). புள்ளிகளை எண்ணிப் பார்த்த சிலர், அதன் படம் 720பி அளவைக்கூட எட்டவில்லை, 1152 x 640 தான் என்று கண்டுபிடித்தனர். ஒளியையும் நிழலையும் சிறப்பாகக் காட்டுவதற்காகப் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டதாக அதை ஆக்கிய நிறுவனமே விளக்கம் அளித்தது. அதே ஆண்டில் வந்த கால் ஆஃப் டியூட்டி 4 இன்னும் குறைவாக 1024 x 600 புள்ளிகளையே வரைந்தது. ஆனால், வினாடிக்கு 60 படங்களைக் காட்டியது.

இங்கேதான் விளம்பரம் சொல்லாத செய்தி இருக்கிறது. கருவியின் ஆற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதைப் புள்ளிகளுக்குச் செலவிட்டால் வேகத்துக்குக் குறையும்; வேகத்துக்குச் செலவிட்டால் புள்ளிகளுக்குக் குறையும். வினாடிக்கு 30 படங்கள் காட்டினால் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 33 மில்லிவினாடி நிற்கும். 60 படங்கள் காட்டினால் ஏறத்தாழ 17 மில்லிவினாடிதான். பிள்ளை பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் பந்து உதைபடுவதற்கும் இடையே உள்ள காலம் இதனால் குறைகிறது. விளையாடுபவன் கையில் உணர்வது இந்த வேகத்தைத்தான். இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் 'படத்தரம்', 'வேகம்' என இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. வேகத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் புள்ளிகளை விட்டுக்கொடுக்க மனமுவந்து ஒப்புகிறார்கள் என்றுதானே பொருள்?

இன்னொன்று. 4கே என்று எழுதியிருந்தால் 82 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளையும் கருவியே வரைகிறது என்று எண்ணிவிட வேண்டாம். பல விளையாட்டுகள் குறைந்த புள்ளிகளை வரைந்து, மிச்சத்தைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்கின்றன. 2016-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோவிலும் இந்த உத்தி இருந்தது. 2024-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலும் வேறு வடிவில் இருக்கிறது. பெட்டியின் மேல் உள்ள எண்ணும் உள்ளே நடக்கும் வேலையும் ஒன்றல்ல.

சந்தை சொன்ன தீர்ப்பு

2006-இல் நிண்டெண்டோவின் வீ கருவி வந்தது. அது உயர்தெளிவுப் படத்தைக் காட்டாது. போட்டியாளர்கள் இருவரும் உயர்தெளிவு, உயர்தெளிவு என்று முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. முடிவில் வீ 10 கோடிக்கும் மேல் விற்று, அவ்விரண்டையும் முந்தியது. கையை வீசிப் பந்தாடும் இன்பத்தைப் பாட்டியும் பேரனும் சேர்ந்து நுகர்ந்தனர். புள்ளிகளை எண்ண அவர்களுக்கு நேரமில்லை.

2017-இல் வந்த நிண்டெண்டோ சுவிட்சின் திரை 6.2 அங்குலம், அதன் அளவு 720பி மட்டுமே. அதுவும் 15 கோடிக்கும் மேல் விற்றது. மைன்கிராப்ட் விளையாட்டைச் சொல்லவே வேண்டாம். அதன் கட்டைகளின் ஒவ்வொரு முகமும் 16 x 16 புள்ளிகளால் ஆனது. அது 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. நம் மாணவர்கள் இடைவேளையில் பேசிக்கொள்வதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். ஒரு மாணவனாவது "கட்டை தெளிவாக இல்லை" என்று குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

அப்படியானால் தெளிவு எங்கே தேவை?

எழுத்தைப் படிக்க வேண்டிய இடத்தில் தேவை. இதில் ஐயமே இல்லை.

2006-இல் வந்த டெட் ரைசிங் என்னும் விளையாட்டில் எழுத்துகள் மிகச் சிறியவை. பழைய தொலைக்காட்சி வைத்திருந்தவர்களால் அவற்றைப் படிக்க முடியவில்லை, முறையீடுகள் குவிந்தன. கதையையும் கட்டளையையும் படிக்க முடியாவிட்டால் விளையாட்டே நின்றுவிடும். அங்கே திரைத் தெளிவு ஆடம்பரம் அன்று, அடிப்படைத் தேவை.

தமிழாசிரியர்களுக்கு இது நன்றாகவே புரியும். வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டத்தாளைக் கொடுத்து, 8 x 8 கட்டங்களுக்குள் 'ண்' என்னும் எழுத்தை வரையச் சொல்லிப் பாருங்கள். சுழிகளைப் போட்டால் புள்ளிக்கு இடமிராது. புள்ளியை வைத்தால் 'ண்' என்பது 'ன்' ஆகிவிடும். பிறகு 16 x 16 கட்டங்களைக் கொடுங்கள். எழுத்து கண் திறப்பதைக் காண்பீர்கள். தெளிவு என்றால் என்ன என்பதை மாணவர்கள் பத்து நிமிடத்தில் தாமே உணர்ந்துகொள்வார்கள். அடுத்து 32 x 32 கொடுத்து, வகுப்பின் பின்சுவரிலிருந்து இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எது எது என்று அவர்களால் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். போதும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதும் அப்போது விளங்கிவிடும். கணிதம், அறிவியல், தமிழ், நுகர்வோர் கல்வி நான்கும் ஒரே பாடத்தில் அடங்கிவிடுகின்றன.

அண்ணனும் தம்பியும் ஒரே திரையை இரண்டாகப் பிரித்து விளையாடும்போதும் கூடுதல் தெளிவு உதவும். ஒவ்வொருவனுக்கும் பாதித் திரைதானே கிடைக்கிறது? மிகப் பெரிய திரையை மிகச் சிறிய அறையில் வைத்திருப்போருக்கும் அது உதவும். இவ்விடங்களில் 4கே வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

பழுது திரையிலா, கண்ணிலா?

இனிச் சொல்லப் போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை, வீட்டுத் தொலைக்காட்சி தெளிவாக இல்லை என்று மகன் ஓயாமல் சொல்வதாகக் கூறி, எந்தத் திரை வாங்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். அவர் தொழிற்சாலையில் மிகைநேர வேலை செய்து சேர்த்த பணம் அது. அதே மாணவன் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்து, வெண்பலகையில் உள்ளதைப் பக்கத்து மாணவனின் ஏட்டைப் பார்த்தே எழுதுவான். "முதலில் கண்ணைச் சோதியுங்கள், அண்ணே. திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அவனுக்குக் கிட்டப்பார்வை இருந்தது. மூக்குக்கண்ணாடி அணிந்த பிறகு பழைய தொலைக்காட்சியே அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெண்பலகையும் தெரிந்தது.

பெற்றோரே, "படம் மங்கலாக இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் அதை விளம்பரத்தின் தாக்கம் என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். உடனே கடைக்கும் ஓடாதீர்கள். அதே இடத்தில் நீங்கள் அமர்ந்து பாருங்கள். உங்களுக்குத் தெரிவது அவனுக்குத் தெரியவில்லையென்றால் குறை திரையில் இல்லை. எத்தனை இலட்சம் புள்ளிகளை வாங்கி வைத்தாலும் அந்தக் குறை தீராது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. எங்கள் வீட்டில் அமரும் தொலைவு எத்தனை மீட்டர்? திரை எத்தனை அங்குலம்?
2. இருக்கும் தொலைக்காட்சி 1080பி என்றால், அதிலேயே புதிய கருவி இயங்குமல்லவா? (இயங்கும். பிளேஸ்டேஷன் 5-ஐ 1080பி தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடலாம்.)
3. தொலைக்காட்சியின் அமைப்புகளில் 'கேம் மோட்' இருக்கிறதா? அதை இயக்கினாலே பொத்தானுக்கும் படத்துக்கும் இடையிலான தாமதம் குறையும். செலவு ஒரு சென்கூட இல்லை.
4. பிள்ளை விளையாட விரும்பும் விளையாட்டு எது? அது அவன் அகவைக்கு ஏற்றதா?

நான்காவது கேள்வியே தலையாயது. திரையின் தெளிவை ஆராயும் நாம், திரையில் ஓடுவது என்ன என்பதை ஆராய்கிறோமா?

2019 அக்டோபருக்குள் நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முழுமையாக இலக்கவியலுக்கு மாறியது. அந்த மாற்றம் தேவையானது. அதனால் வீடுதோறும் படம் தெளிந்தது. ஆனால், அடுத்தடுத்து வரும் ஒவ்வோர் எண்ணும் அதைப் போன்ற மாற்றம் ஆகிவிடாது. 4கே முடிந்து 8கே என்ற பேச்சும் வந்துவிட்டது. அதில் 33,177,600 புள்ளிகள். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் பெட்டியிலேயே அந்த எண் அச்சிடப்பட்டிருந்தது. அவ்வளவு புள்ளிகளையும் தேடிப் பார்க்கும் கண் நம்மிடம் இல்லை.

பெரிய எண்ணைக் கண்டதும் மயங்காமல், "எனக்கு எவ்வளவு போதும்?" என்று அளந்து பார்க்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். நாளை அவர்கள் கைப்பேசி வாங்கும்போதும், மகிழுந்து வாங்கும்போதும், வங்கிக் கடன் எடுக்கும்போதும் அந்தப் பழக்கம் துணை நிற்கும். வீட்டில் அளவு நாடா இருக்கிறதல்லவா? இந்த விடுமுறையில் அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.