கலாசாலைக் கௌரவச் சங்கங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கலாசாலைகளில் கௌரவச் சங்கங்கள் என்னும் ஸ்தாபனங்கள் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. கல்வியிலும், தலைமைத் திறமையிலும், பொதுத் தொண்டிலும் சிறந்து விளங்கும் மாணாக்கரைப் பொறுக்கி எடுத்து, அவர்களுக்கு அங்கத்தினர் பதவியும் ஒரு சின்னமும் அளித்துப் பாராட்டுவது இவற்றின் வேலை. இக்காலத்தில் இச்சங்கங்கள் பலவும், தலைமைத் திறமையோடு, சகல வகுப்பாரையும் அணைத்துச் செல்லும் குணத்தையும் கண்டு கொண்டாட வேண்டுமென்று பேசி வருகின்றன. நல்ல முயற்சி. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் இங்கே ஒரு தவறு நேர்ந்துவிடக் கூடாது. தலைமை என்பது ஒரு குணம், எல்லோரையும் அணைத்துச் செல்வது வேறொரு குணம், முன்னதற்கு ஒரு பரிசு, பின்னதற்கு ஒரு பரிசு என்று பங்கிட்டுக் கொடுத்துவிடலாம் என்று பலர் கருதுகிறார்கள். நமது அபிப்பிராயம் அதுவன்று. பிறரை அணைத்துச் செல்வதே தலைமையின் உரைகல். அந்த உரைகல்லில் தேறாத தலைமை வெறும் பதவியே. அதுமட்டுமன்று, உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு மாணாக்கரைச் சோதிக்கப் புறப்படும் சங்கம், முதலில் தன்னையே அதில் உரைத்துப் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. இச்சங்கங்களின் சரித்திரத்தைப் படிப்பவர்களுக்கு இந்த உண்மை தெற்றென விளங்கும்.

இவற்றுள் மூத்தது ஃபை பீட்டா காப்பா சங்கம். அது வர்ஜீனியாவிலுள்ள வில்லியம்-மேரி கலாசாலையில் 1776 டிசம்பர் 5-ந் தேதி ஐந்து மாணாக்கரால் ஸ்தாபிக்கப்பட்டது. அதே வருஷம் ஜூலை மாதத்திலேதான் அமெரிக்கர் தங்கள் சுதந்திரப் பிரகடனத்தை வெளியிட்டு, மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று உலகறியச் சொன்னார்கள். பிரகடனம் வெளியாகி ஐந்து மாதமே ஆகியிருந்தது. ஆயினும் அந்தச் சங்கத்தின் வாயில் வெள்ளை ஜாதி ஆண்மக்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. பெண் ஒருத்தி அதில் நுழைவதற்கு 99 வருஷம் ஆயிற்று. 1875-ல் வெர்மாண்ட் சர்வகலாசாலைக் கிளைதான் முதன்முதலாக இரண்டு பெண்மணிகளை அங்கத்தினராக்கியது. இரண்டு வருஷம் கழித்து, 1877-ல், அதே கிளை ஜார்ஜ் வாஷிங்டன் ஹெண்டர்ஸன் என்ற கறுப்பு மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டது. இவர் பிறந்த ஊர் எது தெரியுமா? வர்ஜீனியா, அங்கே அடிமையாய்ப் பிறந்தவர். சங்கம் பிறந்த மாகாணத்தில் அவருக்கு எழுத்தறிவு பெறவும் உரிமை கிடையாது. வட கோடியிலுள்ள வெர்மாண்டுக்குப் போய்த்தான் அந்தச் சங்கத்தின் சின்னத்தை அவர் பெற வேண்டியிருந்தது.

தனி மாணாக்கர் விஷயம் இப்படி. கலாசாலைகள் விஷயமோ இதிலும் மோசம். கறுப்பு ஜாதியாரின் உயர்தரக் கல்விக்குப் பெயர்போன ஹோவர்டு சர்வகலாசாலையில் ஃபை பீட்டா காப்பாவின் கிளை ஏற்பட்டது 1953-ல்தான். அதுவரை அங்கே கெட்டிக்கார மாணாக்கர் இல்லையென்று யாராவது சொல்லத் துணிவார்களா? கதவு திறக்குமென்று காத்திருந்து பயனில்லை என்று கண்ட கறுப்பர் கலாசாலைகள், 1937-ல் டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரத்தில் ஆல்ஃபா காப்பா மூ என்ற தங்கள் சொந்தக் கௌரவச் சங்கத்தையே நிறுவிக்கொண்டன. அது அவர்களுடைய சுயமரியாதைக்குச் சான்று. பழைய சங்கங்களுக்கோ அது அழியாத ஒரு குற்றப் பத்திரிகை.

பெண்கள் விஷயத்தில் நடந்தது நகைப்புக்கும் இடமானது. என்ஜினீயரிங் மாணாக்கருக்காக 1885-ல் தோன்றிய டௌ பீட்டா பை சங்கத்தார், தகுதியுள்ள பெண்களை என்ன செய்வதென்று யோசித்தார்கள். 1936-ல் ஒரு வழி கண்டார்கள். ஆண்களுக்கு அங்கத்தினர் பதவி. அதே தகுதியுள்ள பெண்களுக்கு “பெண்கள் சின்னம்” என்று ஒரு பதக்கம் மாத்திரம்! திறமையை ஒப்புக்கொள்வோம், பக்கத்தில் உட்கார இடங்கொடோம் என்பதே இதன் தாத்பரியம். முழு அங்கத்தினராகப் பெண்கள் அங்கீகரிக்கப்பட்டது 1969-ல்தான். முப்பத்து மூன்று வருஷம், மார்பிலே பதக்கத்தைக் குத்திக்கொண்டு வாசலிலே நிற்க வேண்டியதாயிற்று.

தலைமைக்கென்றே தனியாக ஏற்பட்ட சங்கம் ஓமிக்ரான் டெல்டா காப்பா. 1914 டிசம்பரில் வர்ஜீனியாவின் லெக்ஸிங்டன் நகரிலுள்ள வாஷிங்டன்-லீ சர்வகலாசாலையில் அது பிறந்தது. கல்வி, விளையாட்டு, பொதுத் தொண்டு, பேச்சும் பத்திரிகையும், கலை ஆகிய துறைகளில் தலைமை வகிக்கும் மாணாக்கரை ஓரிடத்தில் ஒன்றுசேர்ப்பது அதன் நோக்கம். புத்தகப் புழுக்களை மட்டும் போற்றாமல் பல துறை மனிதனைப் போற்ற வேண்டுமென்ற அந்த எண்ணம் மிகவும் உயர்ந்தது. ஆனால் பெண்களை அது ஏற்றுக்கொண்டது 1974-ல். கல்வி ஸ்தாபனங்களில் ஆண் பெண் பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டம் 1972-ல் நிறைவேறிய பின்னரே. 1918-ல் பெண்களே தங்களுக்கென்று ஏற்படுத்திக்கொண்ட மார்ட்டர் போர்டு சங்கமும், அதே சட்டத்தின் பயனாக, 1975-ல் ஆண்களுக்குத் தன் கதவைத் திறந்தது.

இனி நமது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். தலைமைச் சங்கம் பிறந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. 1916 அக்டோபரில் அதே வாஷிங்டன்-லீ சர்வகலாசாலையின் கால்பந்துக் கோஷ்டி, நியூ ஜெர்ஸியிலுள்ள ரட்கர்ஸ் கலாசாலையோடு விளையாடச் சென்றது. ரட்கர்ஸ் தனது 150-வது ஆண்டு விழாவைக் கொண்டாடிக் கொண்டிருந்த சமயம். வந்த கோஷ்டியார் ஒரு நிபந்தனை போட்டார்கள்: எதிர்க் கோஷ்டியில் கறுப்பு ஜாதிப் பையன் ஒருவன் இருந்தால் தாங்கள் மைதானத்தில் இறங்க முடியாது என்றார்கள். ரட்கர்ஸ் அதற்கு இணங்கியது. அந்தப் பையன் அன்று மைதானத்துக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டான்.

அந்தப் பையன் பால் ரோப்ஸன். அவருடைய தந்தை அடிமைத் தளையிலிருந்து தப்பி ஓடிவந்து பாதிரியாரானவர். ரோப்ஸன் முதன்முதல் கோஷ்டியில் சேரப் போனபோது சகமாணாக்கரே அவரை மூக்கு உடையும்படி தாக்கினார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1919-ல் கலாசாலையை விட்டு வெளியேறும்போது அவர் நான்கு விளையாட்டுகளில் கலாசாலையின் பிரதிநிதி, பேச்சுப் போட்டிகளில் வெற்றி வீரர், சங்கீத வித்வான், ஃபை பீட்டா காப்பா அங்கத்தினர், கடைசி வகுப்பில் ஒரு சிலருக்கே கிடைக்கும் “கேப் அண்டு ஸ்கல்” கௌரவத்தைப் பெற்றவர், பட்டமளிப்பு விழாவில் தம் வகுப்பின் சார்பில் பேசியவர். ஓமிக்ரான் டெல்டா காப்பா வகுத்த துறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். அவற்றில் ரோப்ஸன் தேறாதது எது? பல துறைத் தலைவனைத் தேடிச் சங்கம் அமைத்த சர்வகலாசாலை, அப்படிப்பட்ட தலைவன் நேரே எதிரில் வந்து நின்றபோது, அவன் முகத்தில் விழிக்கவே மறுத்துவிட்டது!

ரோப்ஸன் பிற்காலத்தில் பாடகராகவும் நடிகராகவும் உலகப் புகழ் பெற்றவர். அவர் இந்திய மக்களுக்கு அந்நியரல்லர். நம் நாட்டு விடுதலைக்குக் குரல் கொடுத்தவர். 1958-ல் அவருடைய 60-வது பிறந்த நாளை இந்தியாவில் கொண்டாடியபோது ஜவாஹர்லால் நேரு அதை ஆதரித்து அறிக்கை வெளியிட்டார்.

1916-ல் நடந்ததில் கவனிக்க வேண்டியது வந்தவர்களின் துவேஷம் மட்டுமன்று. அது அக்காலத்தில் தென் மாகாணங்களில் சர்வ சாதாரணம். ரட்கர்ஸில் அன்று தலைவர்களுக்குப் பஞ்சமா? கலாசாலைத் தலைவர் இருந்தார், பயிற்சியாளர் இருந்தார், கோஷ்டிக்குக் காப்டன் இருந்தார். பதவிப் பட்டியல் பூர்த்தியாகவே இருந்தது. “எங்கள் ஆள் இல்லாமல் எங்களுக்கு ஆட்டம் இல்லை” என்ற ஒரே வாக்கியம் மட்டும் அங்கே எடுபடவில்லை. விழா கெட்டுவிடும், வந்த விருந்தாளிகள் கோபிப்பார்கள் என்ற அச்சம் வென்றது.

அது காலத்தின் குற்றம், தனி மனிதர் என்ன செய்ய முடியும் என்று சிலர் வாதிக்கலாம். இந்த வாதம் நில்லாது. ஏனெனில் மறு வருஷமே, 1917-ல், மேற்கு வர்ஜீனியாக் கோஷ்டியார் அதே நிபந்தனையைக் கொண்டுவந்தபோது, அதே பயிற்சியாளர் ஸான்போர்டு முடியாதென்று மறுத்துவிட்டார். ரோப்ஸன் விளையாடினார். ஆகாயம் இடிந்து விழவில்லை. அதே காலம், அதே தேசம், அதே மனிதர். முதல் வருஷம் அவரிடம் பதவி மட்டும் இருந்தது, இரண்டாவது வருஷம் தலைமையும் இருந்தது.

இந்த அத்தியாயத்தில் இன்னொருவரையும் மறக்கலாகாது. ரட்கர்ஸில் பட்டம் பெற்ற முதல் கறுப்பு மாணாக்கர் ஜேம்ஸ் டிக்ஸன் கார், 1892-ல் தேறியவர், அவரும் ஃபை பீட்டா காப்பா அங்கத்தினர், நியூயார்க்கில் வக்கீல் தொழில் நடத்தியவர். ரோப்ஸனுக்கு நேர்ந்த அவமானத்தை அறிந்த அவர், 1919-ல் கலாசாலைத் தலைவருக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். தமக்குக் கௌரவம் அளித்த தாய்க் கலாசாலையாயிற்றே என்று அவர் வாய் மூடி இருக்கவில்லை. தமக்குக் கிடைத்த இடம் அடுத்தவனுக்கு மறுக்கப்படும்போது எழுந்து கேட்டார். கௌரவச் சங்கத்து அங்கத்தினன் என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நாம் அறியோம்.

வாயிலை அகலமாகத் திறந்தால் தரம் தாழ்ந்துவிடும் என்ற ஆட்சேபணை எக்காலத்திலும் கிளப்பப்படுவதுண்டு. 2023-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, கலாசாலைகளில் மாணாக்கரைச் சேர்க்கும்போது நிறத்தைக் கருதலாகாதென்று தீர்ப்பளித்த பிறகு இந்தப் பேச்சு முன்னிலும் பலத்துவிட்டது. அந்தத் தீர்ப்பின் நியாயாநியாயங்களை இங்கே நாம் விசாரிக்கப் புகவில்லை. ஆனால் கௌரவச் சங்கங்களின் சரித்திரம் சொல்லும் சாட்சியம் வேறு. ஹெண்டர்ஸன் தம் வகுப்பில் முதல்வராகத் தேறியவர். ரோப்ஸனுக்கு இணையான மாணாக்கரை ரட்கர்ஸ் எத்தனை முறை கண்டது? இவர்கள் நுழைந்ததால் தரம் தாழவில்லை. இவர்களைப் போன்றவர்களைத் தள்ளி வைத்த காலத்திலேதான் அது தாழ்ந்து கிடந்தது. தகுதியைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, தகுதிமிக்கோரை வெளியே நிறுத்தியதே உண்மை.

ஆகவே இச்சங்கத்தாருக்கு நாம் சில யோசனைகள் கூற விரும்புகிறோம். ஒரு மாணாக்கன் எத்தனை சங்கங்களுக்குக் காரியதரிசியாக இருந்தான் என்று எண்ணுவதோடு நிற்க வேண்டாம். அவன் பதவிக்கு வருமுன் அச்சங்கத்தில் இடம்பெறாதிருந்தவர் யார், அவன் விலகும்போது இடம்பெற்றவர் யார் என்று கேளுங்கள். அவனைப் பற்றிப் பேராசிரியர்களிடம் மட்டும் நற்சாட்சி வாங்காமல், அவனுக்குக் கீழே வேலை செய்தவர்களையும் விசாரியுங்கள். மாலை நேரத்தில் கூலி வேலை செய்து வயிறு வளர்த்துப் படிக்கும் ஏழை மாணாக்கனுக்குப் பதவிகளை நாடி ஓடப் பொழுது இராது. தன்னோடு வேலை செய்யும் பத்துப் பேரை அவன் படிப்பிலே ஊக்கியிருந்தால், அதையும் தலைமையென்று எழுதிக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு, சந்தாப் பணம் கட்ட முடியாத காரணத்தால் ஒருவனும் வெளியே நிற்கும்படி விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் சொந்தச் சரித்திரத்தை மறைக்காமல் புது அங்கத்தினருக்குச் சொல்லுங்கள். சின்னத்தை மார்பில் குத்தும் தினத்திலேயே, இதே சின்னம் யார் யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஓமிக்ரான் டெல்டா காப்பாவின் தாயகமான வாஷிங்டன்-லீ சர்வகலாசாலை, இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1985-ல்தான் என்பதும் அந்தப் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

அமெரிக்கக் காலேஜ் கால்பந்து வீரர்களின் புகழ் மண்டபத்தில் ரோப்ஸனுக்கு இடம் கிடைத்தது 1995-ல். அவர் காலமானதோ 1976-ல். இறந்து பத்தொன்பது வருஷம் கழித்து வந்த கௌரவம் அவருக்கு என்ன பயன் தரும்? அதனால் கழுவப்பட்டது கொடுத்தவர்களின் கறையே. கௌரவச் சங்கங்கள் இந்தப் பிழையை மறுபடியும் செய்யக் கூடாது. இன்று எந்தக் கலாசாலையிலோ, எந்த மைதானத்தின் ஓரத்திலோ, ஒரு மாணாக்கன் உட்கார வைக்கப்பட்டிருப்பான். அவனை எழுப்பி அழைத்துக்கொண்டு உள்ளே வருபவன் எவனோ, அவன் பதவி ஒன்றும் வகிக்காதவனாயினும், சின்னத்தை அவனுக்கே சூட்டுங்கள்.