களத்துச் சுதந்திரம்

போன மாதம் தங்கச்சி பேரன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். மென்பொருள் வேலை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தவன் படக்கென்று மூடி வைத்தான்.

"என்னப்பா?"

"பத்து நாள் உழைப்பு தாத்தா. பிரேசில்காரன் ரெண்டு மணி நேரம் முந்திட்டான்."

விவரம் கேட்டேன். திறமூல மென்பொருள் என்றால் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம். அதில் ஒரு பழுது இருந்தால், "சரிசெய்பவருக்கு இவ்வளவு" என்று பரிசு அறிவிக்கிறார்கள். அதற்கு 'பவுண்டி' என்று பெயர். பணம் கிரிப்டோ காசாக வரும். உலகத்தில் எவரும் கலந்துகொள்ளலாம். ஏற்கப்படும் முதல் ஆளுக்கு முழுப் பணம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

முதலில் எனக்கு இது பிடித்துத்தான் இருந்தது. சாதி, கல்லூரி, விசா எதையும் கேட்பதில்லை. மார்க்கையன்கோட்டைப் பையனுக்கும் நியூயார்க் பையனுக்கும் ஒரே கூலி. 2017 இல் தொடங்கிய கிட்காயின் போன்ற இடங்களில் எத்தீரியம் காசாகவே கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பணத்துக்காக வங்கியில் படிவம் நிரப்பிக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் காசின் விலை? 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின் ஒரே வருடத்தில் 16,000 டாலருக்கு வந்தது. நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போன ஏலக்காய், 2022 இல் ஆயிரத்துக்கும் கீழே போனதைப் பார்த்தவர்கள்தானே நாம். விற்றதில் லாபம் வந்தால் 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி; ஒரு காசில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் கழிக்கவும் முடியாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது போட்டி. போடி ஏலத்தில் ஒரே சரக்குக்குப் பல வியாபாரிகள் போட்டி போடுகிறார்கள். விலை படியாவிட்டால் மூட்டையைத் திருப்பி எடுத்து வரலாம். இங்கே வேலை கொடுப்பவர் ஒருவர், உழைத்து முடித்து நிற்பவர் ஐந்து பேர். பத்து நாளை எந்த மூட்டையில் கட்டித் திருப்பி எடுத்து வருவது?

இன்னொன்றும் இருக்கிறது. என் சிறு வயதில் ஊரில் நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். தோளில் மண்வெட்டியோடு ராத்திரியிலும் வாய்க்கால் கரையில் நடப்பார். பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகத்துக்குப் பாய்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். அணை கட்டிய பென்னிகுக்குக்குப் பொங்கல் வைக்கிறோம். ஆனால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்தது இந்த மனிதர் எலிப்பொந்தை அடைத்ததால். அவருக்கு எந்தப் போட்டியும் வைக்கவில்லை. நெல் அடித்ததும் களத்திலேயே அவர் 'சுதந்திரத்தை' அளந்துவிட்டுத்தான் மூட்டை கட்டுவார்கள். சுதந்திரம் என்றால் விளைச்சலில் அவருக்கு உரிய பங்கு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் இந்தப் பொருளே தெரியாது.

பவுண்டி, உடைப்பு எடுத்த அன்று கரையை அடைப்பவனுக்குக் கூலி. தினமும் கரையில் நடப்பவனுக்கு? 2014 இல் 'ஹார்ட்பிளீட்' என்றொரு ஓட்டை வெளிப்பட்டது. இணையத்தில் ரகசியம் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த ஓட்டை அது. உலகத்துப் பெரிய நிறுவனங்களெல்லாம் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு, அதுவரை வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்! பார்த்துக்கொண்டது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அதன் பிறகுதான் பெரிய கம்பெனிகள் பையில் கை விட்டன.

நானும் யோக்கியன் இல்லை. இந்தப் பக்கத்தில் நான் முதன்முதலில் தமிழில் எழுதியது இ-கலப்பையை வைத்து. முகுந்தராஜும் 'தமிழா' குழுவினரும் காசு வாங்காமல் கொடுத்த மென்பொருள். வருடக்கணக்காக அந்தக் கலப்பையில் உழுதேன். ஒரு படி நெல் அளந்ததில்லை. அளக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல வழி நடக்கிறது. பங்கு வர்த்தகம் செய்யும் ஜெரோதா நிறுவனம், தன் தொழிலே திறமூலத்தின் மேல் நிற்கிறது என்று சொல்லி, 2024 அக்டோபரில் ஒரு நிதியைத் தொடங்கியது. வருடத்துக்கு 10 லட்சம் டாலர். ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம். இதைத்தான் நான் களத்துச் சுதந்திரம் என்கிறேன். விளைச்சல் எடுத்த பெரிய பண்ணைகள் எல்லாம் இப்படி அளக்க வேண்டும். பவுண்டியும் இருக்கட்டும், ஆனால் வேலையை முதலில் ஒருவருக்கு ஒப்படைத்து, கெடு வைத்து, பாதி முன்பணம் கொடுத்துவிட்டுச் செய்யச் சொல்லட்டும். கிரிப்டோவில் கொடுத்தாலும் கூலியை டாலரிலோ ரூபாயிலோ பேசி, கொடுக்கும் நாள் விலைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கட்டும்.

பேரனிடம் சொன்னேன். "அப்படிச் செஞ்சா வேகம் வராது தாத்தா. ஒப்படைச்ச ஆளு தூங்கிட்டா?" என்றான்.

"அதுக்குத்தான் கெடு வைக்கச் சொல்றேன். நீ தூங்காம இருந்தியே, உனக்கு என்னப்பா கிடைச்சது?"

சிரித்தான். அடுத்த பவுண்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் ராத்திரி பஸ் ஏறினான்.